ஸ்கேனும் அப்பாவும்

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. பினாங்கில் ஆறு வாரம், 30 முறை ரேடியேஷன் கொடுத்தார்கள். கூடவே டெமோசோலோமைட் மாத்திரை. முடிந்து ஒரு மாதத்தில் எடுத்த எம்ஆர்ஐயில் வெள்ளைப் பகுதி முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்கிறார் டாக்டர். அடிக்கடி எடுத்தால் எம்ஆர்ஐயின் கதிர்வீச்சும் சேர்ந்து கெடுதல் செய்யாதா? பயந்துவிடுவார் என்று அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

எம்ஆர்ஐயில் அந்த மாதிரிக் கதிர்வீச்சே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். அந்தக் கவலையை விடுங்கள்.

ரேடியேஷன் முடிந்த முதல் மூன்று மாதத்தில் வெள்ளை பெரிதாகத் தெரிவது உண்டு. கதிர் பட்ட இடத்தில் ரத்தக்குழாய் வழியே, படம் தெளிவாகத் தெரிய ஸ்கேனின்போது போடும் ஊசி மருந்து கசிந்து, கட்டி மாதிரியே வெளுத்துக் காட்டும். சிலருக்கு அது தானாக அடங்கிவிடும், சிலருக்கு உண்மையிலேயே கட்டிதான். ஒரே படத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். மூளைக் கட்டி சிகிச்சைக்கு அடங்குகிறதா என்று டாக்டர்கள் கணிக்க 2010இல் வந்த ரானோ விதிகளும் படத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. ஸ்டீராய்டு எவ்வளவு, நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு. டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டைக் கூட்டினாலே வெள்ளை குறைந்து தெரியலாம்.

சரி, அப்பா எப்படி இருக்கிறார்? மாத்திரையின் பெயர் வரை எழுதிய நீங்கள், அவர் நடக்கிறாரா, பேச்சு தடுமாறுகிறதா என்று ஒரு வரி எழுதவில்லையே! படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

என் மாமாவுக்கு இதே நோய். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பந்தலில் நாள் முழுக்க நின்று மோர் ஊற்றுகிற மனுஷர். அவரிடம் சொல்லவே கூடாது என்று சொந்தக்காரர்கள் வராந்தாவில் நின்று குசுகுசுத்தார்கள். அத்தை கேட்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார். அப்புறம் நாள்காட்டித் தாளில் தினமும் எழுதினார்: இன்று பட்டன் தானே போட்டார், பேத்தி பெயர் வரவில்லை. ஒருநாள் மாமாவே எழுதச் சொன்னார், இடப்பக்கம் வைத்த தட்டு தெரியவில்லை என்று. அது வேறு யாருக்குத் தெரியும்? எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்ததால்தான் அவரால் சொல்ல முடிந்தது. டாக்டர் அந்தத் தாள்களை வாங்கிப் படித்துவிட்டுத்தான் ஸ்கேனைத் திறந்தார். உங்கள் அப்பாவிடம் மறைத்தால், அவருக்கு மட்டுமே தெரிந்ததை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? பயந்துவிடுவார் என்கிறீர்கள். முப்பது தடவை அந்த மேசையில் அசையாமல் படுத்தவர் அவர். உங்களைவிட அவருக்குத் தைரியம் அதிகம் அம்மா.

இன்றைக்கே சொல்லுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது டெக்ஸாமெத்தசோன் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதி எடுத்துப் போங்கள். நடுவில் புதிதாகத் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.