புரொபகாண்டா என்றால் உண்மையில் என்ன?

மக்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, அதற்கு உதவும் செய்திகளை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் புரொபகாண்டா. பொய் அதற்குக் கட்டாயமில்லை. மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருப்பதைச் சொல்லும் கல்யாணத் தரகர், வீட்டின் மேல் இருக்கும் கடனைச் சொல்லமாட்டார். சொன்னது முழுக்க உண்மை, ஆனால் பெண்வீட்டார் எடுக்கும் முடிவு அவர்களுடையது இல்லை.

இது ஏன் பலிக்கிறது? அடிக்கடி கேட்டதை மனம் எளிதில் நம்பிவிடும். அதுவும் தெரிந்தவர் வாயால் கேட்டால் சந்தேகமே வராது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, தயங்கிய மக்களைத் திருப்ப ஜார்ஜ் க்ரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் தொண்டர்கள் சினிமாக் கொட்டகைகளில் ரீல் மாற்றும் இடைவெளியில் எழுந்து நான்கு நிமிடம் பேசுவார்கள். பேசியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். என்னைக் கேட்டால், சுவரொட்டிகளைவிட வலிமையான உத்தி இதுதான். போர் வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசியவர்கள் சிலர் அப்போது சிறைக்கே போனார்கள். எதிர்க்குரல் அடங்கினால் இந்த வேலை இன்னும் சுலபம்.

சர்வாதிகார நாடுகளில்தான் இதெல்லாம் நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். க்ரீல் குழு இயங்கியதோ தேர்தல் நடக்கும் ஒரு ஜனநாயக நாட்டில்.