மாதம் நூறு ரூபாய் கொடுப்பதால் ஊருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

மாதம் நூறு, இருநூறு ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்கிற நிலையில் அதை உள்ளூரிலேயே கொடுத்தால் யாருக்காவது உண்மையில் பயன்படுமா, அல்லது சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இப்படிச் சேரும் பணத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நிச்சயம் பயன்படும். சில தேவைகளுக்குச் சிறு தொகைதான் போய்ச் சேரும். பெரிய பணம் அந்த வாசல் வரைக்கும் வருவதே இல்லை.

எங்கள் முயற்சி தொடங்கியதே ஒரு தண்ணீர் மோட்டாரில்தான். ஒரு கோடைத் தொடக்கத்தில் ஊர்ப் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காயில் எரிந்து நின்றுவிட்டது. கழிப்பறை இருந்தது, மேல்தொட்டி இருந்தது, குழாய் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. மதிப்பீடு தயாரித்து, ஒப்புதல் பெற்று, பணம் வந்து சேர வேண்டும் என்று காத்திருந்ததில் மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரமும் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப் போய்த் திரும்பினார்கள். தூரத்துத் தெருவிலிருந்து வரும் பிள்ளைகளோ, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. திருமங்கலத்தில் காயில் கட்டுகிற கடையில் விசாரித்தபோது கம்பியும் கூலியும் சேர்த்து 2,800 ரூபாய் என்றார்கள். டீக்கடையில் நின்றிருந்த பதினான்கு பேர் ஆளுக்கு இருநூறு போட்டோம். மறுநாள் சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டது.

அரசிடம் பணம் இல்லாமல் அந்த மூன்று வாரம் போகவில்லை. அரசுப் பணம் ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் வர வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். பொதுப் பணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இருப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இரண்டாயிரம் ரூபாய்ப் பழுதும்கூட மதிப்பீடு, ஒப்புதல் என்ற நடைமுறையைக் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. இன்றைக்குக் கேட்டால் இன்றைக்கே கிடைக்கும் என்ற நிலையில் ஊரில் கொஞ்சம் பணம் இருப்பதன் அருமை அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்து ஊர்களில் கூடிப் பணம் போடுவது புதிய பழக்கம் இல்லை. கோயில் கும்பிடுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுகிறோம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் நோட்டு எழுதுகிறோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு இறங்கி வரும் வழி நெடுக மண்டகப்படிகளும் நீர்மோர்ப் பந்தல்களும் நிற்பது எத்தனையோ குடும்பங்களும் கடைகளும் தங்களால் முடிந்ததைப் போடுவதால்தான். 1950களின் பிற்பாதியில் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கியபோதும், அதையொட்டிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தபோதும், ஊர்மக்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், பெஞ்சும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார்கள். ஆகவே நாங்கள் யோசனைக்கு வெளியூர் போகவில்லை. தலைக்கட்டு வரி மாதிரியே மாதாமாதம் வசூல், ஆனால் கட்டாயம் கிடையாது. முடிந்தவர் முடிந்ததைப் போடலாம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது 84 பேர் கொடுக்கிறார்கள். ஐம்பது கொடுப்பவரும் உண்டு, திருப்பூரிலிருந்து இருநூறு அனுப்புகிறவரும் உண்டு. மாதம் ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே சேரும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வாரம் இருமுறை டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்ததால் சிகிச்சைக்கு அவர் காசு கட்ட வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் ஆகியிருக்க வேண்டிய செலவை அரசு ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் அவர் நடுநடுவே ஒரு முறை, இரண்டு முறை என்று போகாமல் நின்றுகொண்டிருந்தார். கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் காரணம் வெளியே வந்தது. ஊரிலிருந்து திருமங்கலத்துக்கு ஒரு வண்டி, அங்கிருந்து பெரியார் நிலையத்துக்கு ஒரு பஸ், பிறகு கோரிப்பாளையத்துக்கு ஒன்று. மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அவருக்கு உண்டு. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு எழுகிறவர் கூட்ட நெரிசலில் நின்று வர முடியாது என்பதால் திரும்பும்போது ஆட்டோ. வேலைக்குப் போகாத வீட்டில் வாரத்துக்கு நானூறு ரூபாய் என்பது மலை. “ஆபரேசனுக்குன்னா நாலு பேருகிட்ட கேக்கலாம். பஸ் சார்ஜுக்குன்னு யாருகிட்டய்யா போய்க் கேக்குறது?” என்று அவர் மனைவி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. லட்ச ரூபாய்ச் சிகிச்சை நானூறு ரூபாயில் அறுந்துகொண்டிருந்தது. இப்போது ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் வாரம் இருமுறை அவர்களைக் கூட்டிப் போய்வருகிறார். அவர் எரிபொருள் காசு மட்டும் வாங்கிக்கொள்வதால் எங்கள் கணக்கில் மாதம் 1,600 ரூபாயோடு முடிகிறது. எட்டு மாதமாக ஒரு முறைகூட டயாலிசிஸ் தவறவில்லை.

அரசுத் திட்டம் வந்தால் சிறு நன்கொடைக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதுவரை எங்கள் பணத்தில் பெரும்பகுதி சின்னப் பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சுமையை அரசு எடுத்துக்கொண்டதில் எங்களுக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. ஆனால் அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே மல்லிகை எடுக்கக் கிளம்பிவிடுகிற வீட்டிலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வருவாள். அவன் உப்புமா சாப்பிட்டு முடிக்கிற வரையில் வாசல் தூணோரம் நிற்பாள், அவன் தட்டை வாங்கிக் கழுவி வைப்பாள், பிறகு வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போவாள். தலைமை ஆசிரியை இதைச் சொன்ன வாரமே, பெரிய வகுப்புப் பிள்ளைகள் 22 பேருக்குக் காலையில் சுண்டல் கொடுக்க ஏற்பாடு செய்தோம். தலைக்குப் பன்னிரண்டு ரூபாய்தான் ஆகிறது.

தவறும் செய்திருக்கிறோம். ஒரு வருடம் யாரையும் கேட்காமல் நாற்பது புத்தகப் பைகள் வாங்கிக் கொண்டுபோய் இறக்கினோம். புத்தகம், நோட்டு, சீருடை, காலணியோடு பையையும் அரசே இலவசமாகக் கொடுக்கிறது என்பதை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பைகள் பள்ளி அலமாரியில் தூசி படிந்து கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பணத்தில் எத்தனை பேரின் ஐம்பது ரூபாய் இருக்கிறது என்று மனம் கசந்தது. அதற்குப் பிறகு கேட்காமல் எதையும் வாங்குவதில்லை.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு நன்கொடை நின்றுபோவது பெரும்பாலும் சந்தேகத்தால்தான். இருவர் கையெழுத்தில்லாமல் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியாது. மாதக் கடைசியில் வரவு செலவை எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். அதில் கொடுத்தவர் பெயர் இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்காது, “மருத்துவப் பயணம்” என்று மட்டும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், தன் பணத்தைப் பெறுகிற நோயாளியின் படத்தை அனுப்பச் சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம். அவர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் மறுத்தது சரிதான்.

கொடுப்பதற்கு வசதி ஒரு நிபந்தனை என்று நினைப்பவர்களுக்கு 2020ஐ நினைவூட்டுவேன். கொரோனா ஊரடங்கின்போது மதுரையில் யாசகம் பெற்று வாழ்ந்த முதியவர் ஒருவர், சேர்த்த பத்தாயிரம் ரூபாயை முதலமைச்சர் நிவாரண நிதிக்கென்று ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஒருமுறை கொடுத்து நின்றுவிடாமல் மறுபடி மறுபடி வந்து கொடுத்தார்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. அறுவை சிகிச்சை, வெள்ள நிவாரணம் போன்றவற்றுக்குப் பெரிய நிறுவனங்களும் அரசு நிதியும்தான் சரி. எங்களைப் போன்றவர்களால் அவை ஆகாது. பள்ளிக் கட்டடம் போன்ற செலவுக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகவும் கொடுக்கலாம். ஆனால் உங்கள் மாதாந்திர நூறு ரூபாயை நீங்கள் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் கொடுங்கள் என்பேன். எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை என்றால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, அங்கன்வாடி ஊழியரிடமோ போய், “இந்த மாதம் உங்கள் கைக்காசைப் போட்டு எதைச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். எங்கள் ஊர் அங்கன்வாடி அம்மாவிடம் போன வாரம் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, அடுப்பின் கேஸ் குழாயில் விரிசல் விட்டிருந்ததால் புதிதாக மாற்றியதாகவும், 190 ரூபாய் ஆனதாகவும் சொன்னார்.