புல்தரை மெத்து மெத்தென்று இருந்தால் ரேக் வாங்க வேண்டுமா?

வீட்டுப் புல்தரையில் தாட்ச், அதாவது புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சேரும் நார்ப் படலத்தை, எடுப்பது பற்றிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மோட்டார் இயந்திரங்களை விட்டுவிட்டு, ரேக் (நீளக் காம்பில் பற்கள் வைத்த வாரி) போன்ற கையால் இழுக்கும் கருவிகளைப் பற்றி மட்டும்.

கேள்வி: எங்கள் புல்தரையில் நடந்தால் கால் லேசாக அமுங்குகிறது. தோட்டச் சாமான் கடையில் சொன்னபோது, "தாட்ச் ஏறிவிட்டது, அதற்கென்று தனி ரேக் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வாங்கட்டுமா?

பதில்: கடைக்காரர் உங்கள் புல்தரையைப் பார்க்கவில்லையே. முதலில் நீங்கள் பாருங்கள். பழைய கத்தி ஒன்று போதும். புல்தரையில் 7, 8 செ.மீ. ஆழத்துக்கு முக்கோணமாக ஒரு துண்டை வெட்டித் தூக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் மேலே பச்சை, அடியில் மண், இரண்டுக்கும் நடுவே நார்நாராகப் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் தெரியும். அதுதான் தாட்ச். விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து அந்தப் படலத்தை மட்டும் அளவெடுங்கள். வெயில் படும் இடம், நிழல், அதிகமாக நடமாடும் ஓரம் என நாலைந்து இடங்களில் பார்த்துவிட்டு, துண்டுகளைப் பழையபடி பதித்து மிதித்துத் தண்ணீர் விட்டால் தடம்கூடத் தெரியாது.

அளவு 1.25 செ.மீ., அதாவது அரை அங்குலத்துக்குள் இருந்தால் எதுவும் வாங்காதீர்கள். அந்த அளவு தாட்ச் நல்லதே செய்கிறது. மண்ணின் ஈரம் சீக்கிரம் போகாது, வேர்ப்பகுதியில் சூடு ஏறாது, மிதிபடும்போது அடியும் குறையும். அரை அங்குலத்தைத் தாண்டி 2 செ.மீ. பக்கம் போயிருந்தால் கை ரேக்குக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். 2.5 செ.மீ.க்கு மேல் என்றால் கையால் ஒரே மூச்சில் எடுக்க நினைக்கக் கூடாது. இரண்டு பருவங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதிகமானால் என்ன கெடுதல் என்றால், தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் அந்தப் படலத்திலேயே நின்றுவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளேயே விடாமல் வழித்துவிடும். வேர்களும் மண்ணுக்குள் இறங்காமல் அந்தப் படலத்திலேயே குடியேறிவிடும். அப்புறம் இரண்டு நாள் தண்ணீர் விடவில்லை என்றாலே புல் வாடும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது.

இன்னொன்று. கால் அமுங்குவதெல்லாம் தாட்ச் இல்லை. தண்ணீர் அதிகமாக விட்டு மண் ஊறியிருந்தாலும், அடியில் எறும்போ எலியோ பொந்து போட்டிருந்தாலும், புதிதாகக் கொத்திப் பரப்பிய மண்ணாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இதற்கெல்லாம் ரேக்கால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: இலை வாரும் விசிறி ரேக்கும், மண் சமன் செய்யும் இரும்பு ரேக்கும் வீட்டில் இருக்கின்றன. தாட்சுக்கென்று மூன்றாவதாக ஒன்று உண்மையிலேயே தேவையா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாட்ச் லேசாக, மேலாக இருந்தால், எஃகுப் பற்கள் உள்ள விசிறி ரேக்கே போதும். கொஞ்சம் அழுத்தி இழுத்தால் தளர்வாகக் கிடப்பது வந்துவிடும். பிளாஸ்டிக் பல் என்றால் விட்டுவிடுங்கள், அது வளைந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். இரும்பு ரேக்கின் பல் தடிமனாக, மொட்டையாக இருக்கும். அது தாட்சை வெட்டாது, கொக்கி போட்டுப் பிய்க்கும். நல்ல புல்லும் கொத்தாகக் கூடவே வரும். வேறு வழியில்லாமல் ஒரு மூலையில் பயன்படுத்தலாம், முழுத் தரைக்கும் வேண்டாம்.

தாட்ச் நார் மிதியடியைப் போல இறுகிப்போயிருந்தால்தான் தனி ரேக் தேவை. அதன் தலையில் கம்பிகளுக்குப் பதிலாகப் பட்டையான சிறு கத்திகள் பிறை வடிவத்தில் வரிசையாக நிற்கும். இழுக்கும்போது கத்தி தாட்சைக் கீறி மேலே கொண்டுவரும், தள்ளும்போது பற்களில் சிக்கியது தானாக உதிரும். பல வகைகளில் இரண்டு பக்கமும் கத்தி உண்டு, ஒரு பக்கம் மென்மையான வேலைக்கு, மறுபக்கம் ஆழமாகக் கீற.

வாங்கும்போது முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். மற்றத் தோட்டக் கருவிகளில் லேசாக இருப்பது சௌகரியம். இதில் தலை கனமாக இருப்பதுதான் சௌகரியம். அந்த எடைதான் கத்தியை உள்ளே இறக்குகிறது. தலை லேசாக இருந்தால் அந்த அழுத்தத்தை உங்கள் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். "இறகு போல லேசான தாட்ச் ரேக்" என்று விளம்பரம் செய்தால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது தலையின் சாய்வை மாற்ற முடிகிறதா என்பது. காம்போடு சேரும் இடத்தில் ஒரு போல்ட்டும் இறக்கை நட்டும் இருக்கும். அதைத் தளர்த்திச் சாய்வை மாற்றினால் கத்தி எவ்வளவு ஆழம் போகும் என்பது மாறும். சாய்வு மாறாத ரேக்கில் ஆழத்தை உங்கள் முதுகு வளைவுதான் தீர்மானிக்கும். நட்டை இறுக்கிவிட்டுத் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே ஆடினால் தரையில் நிச்சயம் ஆடும்.

கத்திகள் தலையோடு எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வெல்டிங் செய்யப்பட்டோ, துளைக்குள் நுழைத்து இறுக்கப்பட்டோ இருக்கலாம், இரண்டும் சரிதான். வெல்டிங்கில் பொத்தல், பாதியில் நின்ற கோடு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சவரக் கத்தி போலக் கூர்மை வேண்டியதில்லை, கல்லில் பட்டு மழுங்கினால் வீட்டிலேயே அரத்தால் தீட்டிக்கொள்ளலாம்.

அகலம் 35 முதல் 40 செ.மீ. வரை போதும். அகலமானது சீக்கிரம் முடிக்கும் என்று தோன்றும். ஒவ்வொரு இழுப்பிலும் அத்தனை கத்திகளையும் சேர்த்து இழுப்பது நீங்கள்தான், அதை மறந்துவிடாதீர்கள். காம்பு, நிற்க வைத்தால் உங்கள் தாடைவரையாவது வரட்டும். மரக்காம்பு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம், தலையோடு ஒட்டிப் பொருத்திய காம்பு என்றால் மொத்தமும் போய்விடும்.

கேள்வி: சக்கரம் வைத்த கைக் கருவியும் கிடைக்கிறதே, அது மேலா?

பதில்: சமதளமான, உறுதியான தரையில் மேல்தான். சக்கரம் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதால் மண்ணைத் தோண்டிவிடும் பயம் குறைவு. மேடு பள்ளமான இடத்தில் மேட்டைச் சுரண்டிவிட்டுப் பள்ளத்தைத் தொடாமலே போய்விடும்.

கேள்வி: தண்ணீரில் கலந்து தெளித்தால் தாட்ச் தானாகக் கரையும் என்று பாட்டிலில் விற்கிறார்கள். ஆணி வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாலே போதும் என்றும் ஒரு விளம்பரம் பார்த்தேன். இவற்றில் எது பரவாயில்லை?

பதில்: ஆணிச் செருப்பு தாட்சை எடுக்காது, அதில் ஓட்டை போடும். ஆணி மண்ணில் இறங்கும்போது ஓட்டையின் பக்கவாட்டு மண் இன்னும் இறுகும். வார் தளர்ந்து கால் பிசகும் வாய்ப்பு தனி. காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் விஷயம் கொஞ்சம் வேறு. தாட்ச் மக்காமல் சேர்வதற்குக் காரணம், அதில் இருப்பது பெரும்பாலும் தண்டும் வேரும் ஓடுகொடியும். இவற்றில் லிக்னின் என்ற கடினமான பொருள் அதிகம், நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க நாள் பிடிக்கும். அந்த வேலையைத் துரிதப்படுத்த நொதியோ நுண்ணுயிரியோ சேர்த்து விற்கிறார்கள். யோசனை தப்பில்லை, ஆனால் இத்தகைய பொருட்களின் பலன் சோதனைகளில் சீராக வந்ததில்லை. இரண்டு செ.மீ. தாட்சை ஒரு பாட்டில் கரைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

அதே காசுக்குக் காலால் மிதித்து மண் உருளைகளை எடுக்கும் கருவி கிடைக்கும் என்றால் அதை யோசிக்கலாம். குழாய் போன்ற உள்ளீடற்ற பற்கள் உள்ளது, கூரான ஆணி உள்ளதல்ல. எடுத்த மண் உருளைகளை அங்கேயே காயவிட்டு உடைத்துப் பரப்பினால் மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் தாட்சோடு கலந்து மக்க வைக்கும். அதன்மேல் சலித்த மண்ணையோ மக்கு உரத்தையோ அரை செ.மீ. கனத்துக்குத் தூவினால் இன்னும் நல்லது. சிறிய புல்தரைக்கு மட்டும்தான் இது. ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு ஓட்டைதான் விழும்.

கேள்வி: புது ரேக் வாங்கி இழுத்தேன். புல்தரையில் பாதி கையோடு வந்துவிட்டது, மீதி பழுப்பாகக் கிடக்கிறது. ரேக்கில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது, உங்கள் புல் எந்த வகை? அருகம்புல் வகைகளுக்கு மண்ணுக்கு மேலேயும் ஓடுகொடி உண்டு, அடியிலும் கிழங்குத் தண்டு உண்டு. மேலே எவ்வளவு கீறினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். செயிண்ட் அகஸ்டின் போன்ற அகல இலைப் புல்லுக்கு மேலே ஓடுகொடி மட்டும்தான். கத்தி அதைக் கவ்வினால் கொடி கொடியாக உருவி வந்துவிடும். அதற்கு மென்மையான பக்கத்தை வைத்து லேசாகத்தான் வார வேண்டும். டால் பெஸ்கியூ போலக் கொத்தாக வளரும் புல்லில் தாட்ச் அவ்வளவாகச் சேராது, அங்கே ரேக் எடுத்ததே தேவையில்லாத வேலையாக இருந்திருக்கலாம். புல் விதைத்தோ பதித்தோ ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் தொட்டிருக்கவே கூடாது.

இரண்டாவது, எப்போது இழுத்தீர்கள்? புல் வேகமாக வளரும் பருவத்தில்தான் இதைச் செய்ய வேண்டும், அதற்குப் பின்னும் நாலு முதல் ஆறு வாரம் நல்ல வளர்ச்சி இருக்க வேண்டும். வெப்பத்தை விரும்பும் அருகம்புல், சோய்சியா வகைகளுக்கு, குளிர் முடிந்து முழுதாகப் பச்சை பிடித்த பிறகு, கோடை உச்சிக்குப் போகும் முன். குளிரை விரும்பும் கென்டக்கி புளூகிராஸ் போன்றவற்றுக்கு இலையுதிர் காலத் தொடக்கமோ வசந்தத் தொடக்கமோ. வறட்சியில் வாடி நிற்கும்போதும் வளர்ச்சி ஓய்ந்த குளிரிலும் கீறினால் புல் எழுந்திருக்காது.

இரண்டும் சரியாக இருந்தால் பயப்படாதீர்கள். தாட்ச் எடுத்த மறுநாள் எந்தப் புல்தரையும் பார்க்கச் சகிக்காது. தண்ணீர் விட்டு, மிதிக்காமல் வைத்திருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மூடிக்கொள்ளும்.

அடுத்த முறைக்கு: ஓரிரு நாள் முன்பே தண்ணீர் விட்டு மண்ணை ஈரப்படுத்துங்கள், சேறாக இருக்கக் கூடாது. புல்லை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக இழுங்கள். கத்தி முனை மண்ணை லேசாக உரசினால் போதும். ரேக்கில் வருவது பழுப்பாக இருக்கும்வரை சரி, பச்சையும் வெள்ளை வேரும் அதிகமாக வர ஆரம்பித்தால் சாய்வைக் குறையுங்கள்.

கேள்வி: வாங்கிய முதல் நாளே ரேக்கின் மூன்று பற்கள் வளைந்துவிட்டன. கடையில் "நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள்" என்கிறார்கள்.

பதில்: அப்படியே நிறுத்திவிடுங்கள், நீங்களே நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மண்ணைக் கழுவும் முன்பே படம் எடுங்கள், வளைந்த இடம் கிட்டத்தில் தெரியட்டும். வெல்டிங்கில் விட்டிருந்தால் அது தயாரிப்புக் குறை என்று வாதாடுவது எளிது. பல்லின் நடுவில் வளைந்து, முனையில் புதிதாக நசுங்கிய தழும்பும் இருந்தால் கல்லிலோ மரவேரிலோ மாட்டியிருக்கலாம். அங்கே கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தாட்ச் எடுக்க என்று அதில் போட்டிருந்து, தாட்ச் எடுக்கும்போதே வளைந்தது என்றால் "தவறான பயன்பாடு" என்ற பேச்சு எடுபடாது. இலை வாருவதற்கு என்று மட்டும் இருந்தால், தாட்சுக்கு ஆகும் என்று சொல்லி விற்றது யார் என்பதுதான் கேள்வி. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பக்கம் மாறுவதற்குள் விவரத்தைப் படமாகச் சேமித்துவிடுங்கள். புகாரை வாய்மொழியாக விடாமல், பில் நகலோடு எழுத்தில் கொடுங்கள், தயாரிப்பாளருக்கும் ஒரு நகல். மாற்றுப் பொருளா பணமா என்பதையும் அதிலேயே தெளிவாகக் கேளுங்கள்.

கேள்வி: வெட்டிய புல்லைத் தரையிலேயே விடுவதால்தான் தாட்ச் சேர்கிறது, அதற்காகப் பை வைத்த மோவர் (புல் வெட்டும் இயந்திரம்) வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: இதற்காக வாங்க வேண்டாம். வெட்டிய இலைத்துணுக்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். கட்டி கட்டியாக விழாமல் இருந்தால் சீக்கிரம் மக்கிவிடும். தாட்சைக் கூட்டுவது தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பதும், மண் இறுகிக் கிடப்பதும், மண்புழுக்களை ஒழிக்கும் மருந்துகளை அடிப்பதும். உரத்தைக் குறைத்து, தண்ணீரை இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால் ரேக்கை எடுக்கும் வேலையும் அபூர்வமாகத்தான் வரும்.

கேள்வி: எடுத்தது மலைபோலக் குவிந்துவிட்டது. செடிகளுக்கு மூடாக்காகப் போடலாமா?

பதில்: களைக்கொல்லி அடித்த புல்லாக இருந்தால் காய்கறிப் பாத்தி பக்கம் கொண்டுபோகாதீர்கள், புட்டியில் குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். அடிக்கவில்லை என்றால் போடலாம். ஆனால் அருகம்புல் கொடித் துண்டு ஈரம் பட்டால் வேர்விட்டுப் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். அதை மட்டும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகு போடுங்கள்.