கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் தொடங்கும் ஊக்கம் எப்படி வருகிறது? அது நிலைக்குமா?

கோவையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையத்தையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரையாவது அழைத்து வந்தால் அரங்கம் நிறைந்துவிடும், கைதட்டலுக்கும் குறை இருக்காது. ஆனால் அடுத்த வாரம் மையத்துக்கு வந்து நிற்பவர்கள் வேறு ஆட்கள். தன் தேவைக்காக, பாடத்தில் இல்லாத ஏதோ ஒன்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவர்கள் அவர்கள். நிலைக்கிற ஊக்கத்தை நான் பார்த்தது அவர்களிடம்தான்.

பொள்ளாச்சிப் பக்கத்து மாணவர் ஒருவர். வீட்டில் தென்னை நார் மில் வைத்திருக்கிறார்கள். நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளான பித்தைக் கழுவி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தினால் வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் உப்பு குறைவாக இருக்க வேண்டும். உப்பு கூடக் கூட ஏறும் ஈசி, அதாவது மின்கடத்துத்திறன், 0.5க்குள் இருக்கிறதா என்பதுதான் பலர் முதலில் கேட்கும் கேள்வி. இவர்கள் எத்தனை தடவை கழுவியும் அந்த அளவு இறங்கவே இல்லை. ஒருநாள் போர்வெல் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். “சார், தண்ணியவே அளந்து பாத்துரலாமா?” மீட்டரை உள்ளே விட்டதுமே தெரிந்துவிட்டது, கழுவுகிற தண்ணீரிலேயே உப்பு!

அப்புறம் அவரே தேடிப் படித்தார். கடைசிக் கழுவலுக்கு மட்டும் சேமித்த மழைநீர். அதற்கு முன் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால், பித்தில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் வெளியே தள்ளிவிடும். இது தேர்வுக்காக அவர் படித்திருந்த அயனிப் பரிமாற்றம்தான். அது சொந்தக் களத்தில் வேலை செய்வதைப் பார்த்தபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் எந்த மதிப்பெண்ணுக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஏற்றுமதிக்கான ஐஇசி எண் வாங்குவது, பயிர் நலச் சான்றிதழ், விலை போடுவது என்று அடுத்தடுத்து வந்த எதற்கும் அவர் மலைத்து நிற்கவில்லை. தெரியாததைக் கற்றுக்கொள்ள முடியும் என்பது அவருக்குக் கைகண்ட விஷயமாகிவிட்டது.

பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018இல். முதல் நாள் உற்சாகத்தை மட்டும் நம்பி ஐந்து வருடம் ஓட்ட முடியாது. பேட்டரி, மோட்டார், மென்பொருள், உற்பத்தி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டே போயிருக்க வேண்டும்.

கேட்டவர் மாணவராக இருந்தால் ஒன்று சொல்வேன். ‘என்ன தொழில் செய்யலாம்’ என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். வீட்டிலோ தெருவிலோ நடக்கும் ஒரு தொழிலில் இன்னும் தீராமல் கிடக்கும் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்க என்ன தெரிய வேண்டுமோ அதைப் படியுங்கள். ஐஐடி போன்ற நிறுவனங்களின் ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். சான்றிதழைவிட அந்தப் பாடத்தை வைத்து என்ன செய்து பார்த்தீர்கள் என்பதைத்தான் நான் என் மாணவர்களிடம் கேட்பேன்.

கல்விக் கடன் இருக்கிறது, வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் தயங்காமல் போங்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்துக்குப் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்கள் சில வருடம் கழித்தும் விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு, ஆனால் அதிகபட்சம் 75 லட்சம்தான். விவரங்களுக்கு உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். போகும்போது, வேலையில் இருந்தபடியே நீங்கள் செய்து பார்த்த மாதிரிப் பொருளையும் போட்ட கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.