டேபிள் இருக்கிறது, புத்தகங்களைக் காணோம்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் 2000 புத்தகங்கள் இருக்கின்றன. இதுவரை நோட்டில்தான் பட்டியல். பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்ட தைரியத்தில் எஸ்கியூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸில் ஏற்ற ஆரம்பித்தேன். முதல் நாள் 300 புத்தகங்கள் ஏற்றினேன். ஸ்கிரிப்டை நிறுத்துவதற்கு முன் எண்ணிப் பார்த்தேன், 300-ம் இருந்தன. மறுநாள் திறந்தால் டேபிள் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நண்பர் ஒருவர், "இது விளையாட்டுச் சாமான், ஒழுங்காக ஒரு சர்வர் டேட்டாபேஸ் போடு" என்கிறார். மாறிவிடட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

மாற வேண்டாம். உங்கள் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரிதான் குறைகிறது: கமிட், அதாவது ஏற்றியதை நிரந்தரமாகச் சேமிக்கச் சொல்லும் கட்டளை.

நீங்கள் முதல் புத்தகத்தை இன்சர்ட் செய்தபோதே (டேபிளில் சேர்த்தபோதே) பைத்தான் உங்களிடம் சொல்லாமல் ஒரு டிரான்சாக்ஷனை, அதாவது கமிட் வரும்வரை தற்காலிகமாகவே நிற்கும் மாற்றங்களின் தொகுப்பை, திறந்துவிட்டது. அதே இணைப்பில் எண்ணிப் பார்த்தால் 300-ம் தெரியும். கமிட் செய்யாமல் ஸ்கிரிப்ட் முடிந்தால் அத்தனையும் ரத்தாகிவிடும். டேபிளை உருவாக்கும் கட்டளைக்கு இப்போதைய பைத்தான் இப்படித் திறப்பதில்லை, அதனால் டேபிள் மட்டும் தங்கியது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்தது போனது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. நல்லவேளை, நோட்டு இருக்கிறது.

இனிமேல் இன்சர்ட்டுகளை அந்த இணைப்பின் பெயரில் ஒரு 'வித்' (with) தொகுதிக்குள் எழுதுங்கள். நல்லபடியாக முடிந்தால் அதுவே கமிட் செய்யும், பிழை வந்தால் பின்வாங்கும். ஆனால் இணைப்பை மூடாது, அதை நீங்கள்தான் மூட வேண்டும். பயத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கமிட் போட்டுவிடவும் வேண்டாம். ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியது வட்டில் (டிஸ்க்) உண்மையிலேயே பதிந்துவிட்டதா என்று எஸ்கியூலைட் காத்திருக்கும். கையால் ஏற்றும்போது அது தெரியாது. பட்டியலை ஒரு கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றினால், பழைய சுழலும் வட்டில் நொடிக்கு 60 கமிட் தாண்டுவதே பெரிய பாடு. மொத்தத்துக்கும் ஒரே கமிட் போதும்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். ரிச்சர்ட் ஹிப் என்பவர் எஸ்கியூலைட்டை எழுதியது 2000-ஆம் ஆண்டில். அப்போது அவர் அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் கூடவே படுத்துவிடும். நடுவில் சர்வரே இல்லாமல் வட்டிலிருக்கும் கோப்பை நேராகப் படித்தால் என்ன என்ற கேள்வியில் பிறந்ததுதான் இது. முதலில் டிக்கிள் என்ற ஸ்கிரிப்ட் மொழிக்கான துணைத் தொகுப்பாகவே வந்தது. அதாவது, நீங்கள் பயன்படுத்துகிற மாதிரி பயன்படுத்தத்தான் இதைச் செய்தார்கள். அப்புறம், நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்: தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்க அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பரிந்துரைக்கும் கோப்பு வடிவங்களில் எஸ்கியூலைட்டும் ஒன்று.

ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது உண்மை. படிப்பகத்தில் ஒரு கணினிதானே, அது போதும். கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்துப் பல கணினிகளிலிருந்து எழுத மட்டும் முயல வேண்டாம், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டுகளை அங்கே நம்ப முடியாது. அப்படி ஒரு தேவை வந்தால் நண்பர் சொல்வதைக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பட்டியலை அச்சிடும் நாளில் இடிக்கும். எஸ்கியூலைட் தமிழை யூனிகோடு எண்ணை (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணை) வைத்துத்தான் வரிசைப்படுத்தும். அதில் 'ப'வுக்கு முன்னால் 'ன' வருகிறது, 'ல'வுக்கு முன்னால் 'ற' வருகிறது. ஆகவே 'கப்பல்' இருக்க வேண்டிய இடத்தில் 'கன்று' முந்திக்கொள்ளும், 'மலர்'க்கு முன் 'மறதி' வரும். ஸ்கிரிப்ட் மொழியோடு சேர்த்துப் பயன்படுத்துவதன் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. இரண்டு சொற்களை வாங்கி எது முந்தையது என்று சொல்கிற ஒரு பைத்தான் ஃபங்ஷன் எழுதி, அதை 'கொலேஷன்' (வரிசைப்படுத்தும் விதி) என்று பதிவு செய்தால் போதும். வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை-யில் (ORDER BY) அதன் பெயரைக் கொடுத்ததும் தமிழ் நெடுங்கணக்குப்படி பட்டியல் வரும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டும், அதை மறக்காதீர்கள்.

அந்த ஃபங்ஷனை எழுதி முடித்தால் எனக்கும் அனுப்புங்கள். இங்கேயே போடுகிறேன், மற்ற படிப்பகங்களும் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்.