குங்கிலியமும் சாம்பிராணியும் ஒன்றா?

கேள்வி: ஆடி வெள்ளிக்காகக் கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணி கேட்டேன். குங்கிலியத்தைக் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதாம்மா" என்றார்கள். அப்படியா? தலைக்கு ஊற்றியபின் கைக்குழந்தைக்கு இந்தப் புகை காட்டலாமா? (மயிலாடுதுறை வாசகி)

இரண்டும் ஒன்றில்லை அம்மா. இரண்டும் மரப்பிசின், தணலில் இட்டால் மணக்கும். ஒற்றுமை அவ்வளவுதான்.

குங்கிலியம் என்ற சொல் வடமொழிக் 'குக்குலு'விலிருந்து வந்தது. குக்குலு ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட நிலத்தில் வளரும் முட்செடியின் பிசின். பெயர் தெற்கே வந்தபோது மரம் மாறிவிட்டது. இங்கே குங்கிலியம் என்று விற்பது பெரும்பாலும் சால மரத்துப் பிசின். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தச் சொல்லைப் பெயரிலேயே சுமந்த ஒருவர் இருக்கிறார், திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார். வீட்டில் குண்டுமணி அரிசி இல்லை. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிவரச் சொல்கிறார். வழியில் குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகர் எதிர்ப்பட, தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிடுகிறார் நாயனார். எனக்கு அந்த அம்மாவை நினைத்துத்தான் மனசு கனக்கும்.

சாம்பிராணி கடல் கடந்து வந்த சரக்கு. சுமத்ரா போன்ற இடங்களில் மரப்பட்டையைக் கீறி எடுப்பார்கள். அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் தூபப் பிசின் என்றார்கள். ஐரோப்பியர் வாயில் முன்னெழுத்து உதிர்ந்து அது 'பென்சாயின்' ஆனது. வேதியியல் பாடத்தில் வரும் பென்சீனுக்கும் அதுவே மூலம். பறங்கிச் சாம்பிராணி என்பது இன்னொரு மரத்தின் பிசின். அதைத்தான் குந்திரிக்கம் என்றும் சொல்வார்கள்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? தூளாக வாங்காதீர்கள், கட்டியாகக் கேளுங்கள். பழுப்புக் கட்டிக்குள் பாதாம்பருப்பு பதித்ததுபோல் வெள்ளைத் துண்டுகள் தெரிந்து, வெனிலா வாசனை லேசாக அடித்தால் அது சாம்பிராணி. வெளிர்மஞ்சளாக, கண்ணாடி போல நொறுங்கினால் குங்கிலியம். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் எரிவது முக்கியமாகக் கரித்தூள்.

கைக்குழந்தைக்கு எந்தப் புகையும் வேண்டாம். நம் பாட்டிமார் ஆசையாகச் செய்ததுதான், ஆனாலும் எந்தப் பிசின் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. தலையைப் பருத்தித் துண்டால் துவட்டினாலே போதும். தூபக்காலைப் பூஜையறையில் வைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை அடங்கும்வரை குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.