3816547290: கையாலேயே நிறுவலாம்

அன்புள்ள ஐயா,

ஒட்டுசுட்டான் பக்கத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மாணவி ஒருத்தி 3816547290 என்ற எண்ணைக் கொண்டுவந்தாள். 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் இதில் ஒருமுறை மட்டுமே வருகின்றன. முதல் இரண்டு இலக்கங்களாலான எண் 2 ஆலும், முதல் மூன்றாலானது 3 ஆலும், இப்படியே பத்தாலானது 10 ஆலும் மீதியின்றி வகுபடுகிறது. இத்தகைய எண் இது ஒன்றுதானாம். கணினி இல்லாமல் இதை நிறுவ முடியுமா? பத்து இலக்கங்களுக்கு மேலும் நீட்ட முடியுமா?

— ஆசிரியை ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

கணினி தேவையில்லை, உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கும் வகுபடும் விதிகளே போதும். பத்து இலக்கங்களை 36,28,800 விதமாக அடுக்கலாம் என்றாலும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டிய அவசியமே வராது.

பத்தாமிடம் 0 ஆகவேண்டும். ஆகவே ஐந்தாமிடம் 5. இரட்டை இடங்களில் இரட்டை இலக்கங்களே வரமுடியும் என்பதால் ஒற்றை இடங்கள் ஒற்றை இலக்கங்களுக்கு உரியவை. மூன்றாமிடம் ஒற்றையாக இருக்க, நான்காமிடத்தோடு சேர்ந்து அது 4 ஆல் வகுபடவேண்டுமானால், நான்காமிடம் 2 அல்லது 6 ஆகத்தான் இருக்கவேண்டும். 8 இன் விதியை இதேபோலப் பயன்படுத்தினால் எட்டாமிடத்துக்கும் அதே முடிவு கிடைக்கும். 4 உம் 8 உம் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குப் போகின்றன.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் முதல் ஆறின் கூட்டுத்தொகையும் 3 ஆல் வகுபடுவதால், நடுவிலுள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் அப்படியே வகுபடவேண்டும். அதற்கு 258, 654 என்ற இரண்டு வழிகளே உள்ளன. பிள்ளைகள் இதைத் தாமே கண்டுபிடிக்கும்வரை தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

மிச்ச ஒற்றை இலக்கங்களை இதே விதிகளின்படி நிரப்பினால் சரியாகப் பத்து எண்கள் எஞ்சும். ஒன்பது இலக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 45 என்பதால் 9 இன் சோதனை எதையும் கழிப்பதில்லை. 7 க்கு மட்டும் வகுத்துப் பார்க்கத்தான் வேண்டும். எஞ்சியவற்றில் 9876543210 உம் ஒன்று. ஆனால் 9876543 ஐ 7 ஆல் வகுத்தால் 5 மிஞ்சும். பத்திலும் 3816547 மட்டுமே மீதியின்றி, 545221 என்ற ஈவோடு வகுபடுகிறது. பத்து எண்களில் ஒன்றோ இரண்டோ 7 ஆல் வகுபடுவது இயல்பே. ஆகவே வியப்பதற்கு உரியது இந்தக் கடைசி வடிகட்டல் அன்று, இலட்சக்கணக்கானவற்றைப் பத்தாகக் குறைத்த தர்க்கம்தான் என்பேன்.

இலக்கங்கள் திரும்ப வரலாம் என்று விட்டால் உங்கள் எண்ணை மேலும் நீட்டலாம். 11 க்கு 6, 12 க்கு 0, 13 க்கு 8 என ஒவ்வொரு படியிலும் ஒரேயோர் இலக்கம்தான் பொருந்துகிறது. இவ்வாறு 3816547290608 கிடைக்கிறது. அடுத்த இடத்தில் 7 ஆல் வகுபட 5 தேவை. 14 க்கோ கடைசி இலக்கம் இரட்டையாக இருக்கவேண்டும். எனவே அது அங்கேயே நின்றுவிடுகிறது. வேறு தொடக்கங்களோடு இன்னும் தூரம் போகலாம் என்றாலும், இடம் கூடக்கூடப் பொருந்தும் இலக்கம் கிடைப்பது அரிதாகிறது. இவ்வகையில் மிக நீண்டது 25 இலக்கங்கள் கொண்ட 3608528850368400786036725. அதன் வலப்பக்கத்தில் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் 26 ஆல் வகுபடாது.